வாய் நிறைய ஒரு கொட்டாவி

அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவர் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள் உண்டு. கண்டக்டருக்கு வயிறு எரிந்தது ஒரு கொட்டாவியைப் பார்த்து.

காலை ஆறே முக்கால் வண்டி அது. கண்டக்டர் அதில் பயணியாகத்தான் ஏறியிருந்தார். மூக்கில் குழாய், கழுத்தைச் சுற்றித் துண்டு, பக்கத்தில் மனைவி, அவள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். டிரைவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சோம்பல் முறித்தார். பிறகு வாயைத் திறந்தார். சும்மா திறக்கவில்லை. கடைவாய்ப் பல்லும் உள்நாக்கும் கண்ணாடியில் தெரிகிற அளவுக்குத் திறந்து, அவசரமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை ஒரு கொட்டாவி விட்டார். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடலாமா என்று வந்தது.

கண்டக்டரின் வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கும். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தினமும் கால் மணி நேரம் வாயில் செருகி நெம்பிப் பழகியதில் கிடைத்த ஒரு விரல் அது. இடது பக்கத் தாடை எலும்பு பாதி போய்விட்டது. போன கன்னத்துக்குப் பதிலாக நெஞ்சிலிருந்து சதையை எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். நெஞ்சு முடி தன் குணத்தை விடாமல் வாய்க்குள்ளேயும் முளைத்துப் பார்த்தது. கொட்டாவி அவருக்கும் வரத்தான் செய்தது. வந்து, திறக்காத வாயில் முட்டிக்கொண்டு, காதுப் பக்கம் வலியாகத் திரும்பிப் போனது.

"எல்லாருக்கும் வாயி நல்லாத்தான் தொறக்குது," என்றாள் மனைவி, டிரைவருக்குக் கேட்கட்டும் என்றே. கேட்டது. டிரைவர் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இந்த இரண்டு ஆண்களும் பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் ஜோடியாக ஓடியவர்கள். டிப்போவில் ஒருவரை மட்டும் தனியாகப் பார்த்தால், செருப்பைத் தேடுவது போல "இன்னொண்ணு எங்க?" என்று கேட்பார்கள். பேச்சே தேவைப்படாத ஜோடி. வண்டியின் தகரத்தில் கண்டக்டர் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. விசில் இல்லாமல் இல்லை. வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு விசில் ஊத முடியாது, அதனால்தான் தட்டு. அந்தப் புகையிலைப் பாக்கெட்டை டிரைவர்தான் வாங்குவார். இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பின்னால் நீட்டுவார். ஒரே பாக்கெட், ஒரே கன்னம், இடது கன்னம். பங்கு பிரித்ததில் பதினெட்டு வருஷமாக ஒரு தகராறு வந்ததில்லை. தகராறெல்லாம் அதன் பலனைப் பிரித்தபோதுதான் வந்தது.

போன வருஷம் டிப்போவில் இலவச வாய்ப் பரிசோதனை வைத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா இரண்டு பேர் கன்னத்திலும் வெள்ளையாக ஒரு திட்டைக் கண்டார். இரண்டு சீட்டு எழுதினார். இரண்டிலும் ஒரே வாசகம்: பத்து நாளைக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். டிரைவர் போனார். புற்றுதான், ஆனால் ஆரம்பம் என்றார்கள். நாற்பது நிமிஷ அறுவை, ஐந்து நாள் வார்டு, பதினோரு நாள் லீவு, அவ்வளவுதான். கன்னத்துக்குள் ஒரு தழும்பு இருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. கண்டக்டர் ஏழு மாதம் கழித்துப் போனார்.

"தாடையோட எடுக்கணும்" என்று டாக்டர் சொன்ன அன்று மனைவி ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரே நாள்லதான ரெண்டு பேருக்கும் சீட்டு குடுத்தாங்க? அவரு எப்பவோ போய்ட்டு வந்துட்டாரு. நீங்க ஏங்க இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று கேட்டாள். அப்போது கண்டக்டருக்கு நாக்கு நன்றாகச் சுழன்றது. சுழன்ற நாக்கு சொன்னது இதுதான்:

"ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட்டா வண்டி நின்னுடும்ல. அவன் முந்திக்கிட்டான். அப்புறமும் செக்கப்பு செக்கப்புன்னு அவனே லீவு போட்டுட்டிருந்தான். என் முறை வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

நம்பும்படியான பொய். ஒரு வண்டியின் ஜோடி ஒரே நேரத்தில் லீவில் போகக் கூடாது என்பது டிப்போவில் எழுதாத சட்டம், மனைவிக்கும் அது தெரியும். அவள் அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து டிரைவரின் நிழலைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது.

உண்மை வேறு. டிரைவர் முந்திக்கொள்ளவில்லை, கண்டக்டர்தான் அவரை முன்னால் தள்ளிவிட்டார். "நீ மொதல்ல போய்ப் பாத்துட்டு வா. உனக்கு ஒண்ணும் இல்லன்னா எனக்கும் இருக்காது" என்று டிரைவரின் லீவு விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். டிரைவருக்கு இருக்கிறது என்று தெரிந்ததும், தனக்கும் இருக்கும் என்று கண்டக்டரைப் பயம் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த டிரைவர் "நீ போடா, நீ போடா" என்று நச்சரித்தார். பதிலுக்கு விண்ணப்பம் எழுதி இரண்டு தடவை நீட்டினார். கண்டக்டர் இரண்டையும் மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டார். மகளுக்குப் பரீட்சை என்றார். வண்டியில் கூட்டமான சமயம் என்றார். வெறும் பல்வலி என்றார். டிரைவர் புகையிலையை விட்டதால் பங்கு நின்றுபோக, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காசில் ஒரு பாக்கெட் வாங்கி, வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று வாயில் அடக்கினார். டிரைவர் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அன்று இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமலே நான்கு நடை ஓட்டினார்கள்.

இது எதுவும் மனைவிக்குத் தெரியாது. முழு வாயோடு கண்டக்டர் அவளிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று அந்தப் பொய். அறுவைக்குப் பிறகு அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை, அவளுக்கு மட்டும் புரிந்தது. டாக்டரிடமும் டிப்போவிலும் சொந்தக்காரர்களிடமும் அவர் சொல்வதை அவள்தான் எடுத்துச் சொன்னாள். அவருக்குச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு. எழுதி நீட்டினால் அவள் அதை உரக்கப் படித்துவிடுவாள். பொய்யைத் திருத்த வேண்டும் என்றாலும் அவள் வாய் வழியாகத்தான் திருத்த வேண்டும். அவள் வெறுத்துப்போய் வாயை மூடிக்கொண்டால் கண்டக்டருக்கு இந்த உலகத்தில் பேச்சே கிடையாது. அதனால் அவர் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது லேசாகவும் இருந்தது. முந்திக்கொண்டவன் மேல் பொறாமைப்படலாம், அது நியாயமான பொறாமை. நாளாக நாளாக அவரே அதைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

அறுவை முடிந்து இப்போது கதிர்வீச்சு. முப்பத்து மூன்று நாள், அதில் இது இருபதாவது. டிரைவர் தன் பழைய வழித்தடத்தை விட்டுக்கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகிற இந்தக் காலை வண்டியைக் கேட்டு வாங்கியிருந்தார், இவர்கள் ஆட்டோவுக்குக் கொடுக்காமல் போய் வரட்டும் என்று. "பண்ணுன பாவத்துக்குக் கழிக்கிறாரு" என்றாள் மனைவி. அவள் ஏன் இப்படி எரிந்து விழுகிறாள் என்று டிரைவருக்குத் தெரியாது. துக்கத்தில் இருப்பவள் என்று பொறுத்துக்கொண்டார்.

அந்த வண்டியில் பொறாமைக்குப் பஞ்சமில்லை. புதுக் கண்டக்டர் ஒருவன், டிப்போவில் அவனுக்குக் குயில் என்று பெயர். நிறுத்தம் வந்தால் இராகம் போட்டுக் கூவுவான். அந்த நிறுத்தங்களையெல்லாம் பதினெட்டு வருஷம் கூவிய தொண்டை இங்கே குழாயோடு உட்கார்ந்திருக்கிறது. குயில் சில்லறையை மறந்தபோது கண்டக்டருக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. யாரோ ஒருவர் வாழைப்பழத்தை உரித்து மூன்றே கடியில் முடித்தார். கண்டக்டர் அந்த மூன்று கடியையும் எண்ணினார். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வரிசையில் காத்திருப்பவர்களில் மார்பில் வந்தவர்கள், வயிற்றில் வந்தவர்கள் எல்லாம் தாழ்வாரத்தில் ரொட்டியை மென்று தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வந்ததும் அதே நோய்தான், அவர்களும் அழுதவர்கள்தான். இருந்தாலும் மெல்லுகிறார்களே என்று இவருக்கு ஆற்றாமை. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தால் பொறாமை ஒரு பிடி குறையவில்லை.

அன்று கதிர்வீச்சு முடிந்து வெளியே வந்ததும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, மேஜை நிறையப் படிவங்கள். வாய்ப் புற்றுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். படிவக்காரம்மாவுக்கு எதிரே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிற முறை அவருக்கு அன்றைக்கு. காலை நடையை முடித்துவிட்டு, இனி மதிய வண்டியை எடுத்தால் போதும் என்று டிப்போவில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள்.

"வெளியில வாங்குன மருந்து?" என்று படிவக்காரம்மா டிரைவரைக் கேட்டார்.

"வாய் கொப்பளிக்க ஒரு பாட்டில்."

"சம்பளம் போன நாள்?"

"இல்லம்மா. லீவு இருந்துச்சு."

"எதாவது வித்தீங்களா, அடகு வச்சீங்களா?"

"இல்லம்மா," என்று டிரைவர் தரையைப் பார்த்தார்.

ஒவ்வொரு 'இல்ல'வும் கண்டக்டருக்கு நெருப்பாக விழுந்தது. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல முடிகிற மனுஷன். ஒரே தாளில் அவர் கதை முடிந்துவிட்டது.

கண்டக்டர் முறை வந்தது. மனைவி பதில் சொன்னாள். "இங்க ஒரு காசு வாங்கலம்மா, பொய் சொல்லக் கூடாது. கத்தி வச்சதுக்கும் இல்ல, கட்டிலுக்கும் இல்ல," என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு வரிசையாக வந்தது. ஸ்கேன் மெஷின் ரிப்பேர், வெளியே எடுத்தது. கதிர்வீச்சுக்கு முன்னால் ஒன்பது பல்லைப் பிடுங்க நான்கு நாள் நடந்தது. குழாயில் ஊற்ற எல்லாவற்றையும் கூழாக அரைக்க வேண்டும் என்று மிக்ஸி வாங்கியது. சத்து மாவு டப்பா, வாரத்துக்கு ஒன்று. தையல் கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் கூடவே இருக்க வேண்டி வேலையை விட்டது. கண்டக்டரின் லீவு தீர்ந்து, அரைச் சம்பளமாகி, அதுவும் நின்றது. இரண்டு வளையல் போனது.

"மக காலேஜ்ல கணக்கு படிக்கணும்னு இருந்தா. இப்ப துணிக்கடையில நிக்கிறா. இத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

படிவக்காரம்மா மூன்றாவது தாளை எடுத்தார். "எழுதிக்கறேம்மா. ஆஸ்பத்திரி செலவும் தனியா ஒண்ணு எழுதணும். உங்ககிட்ட வாங்கலன்னாலும் யாரோ குடுக்கறதுதானே. ஆபரேஷன் ஒம்பது மணி நேரம். வார்டு இருபத்தாறு நாள்."

ஒன்பது மணி நேரத்துக்கும் நாற்பது நிமிஷத்துக்கும் கண்டக்டர் கணக்குப் போட்டார். பதிமூன்றரை மடங்கு. கத்தி படாமல் மிஞ்சியது மனக்கணக்குதான்.

"கடைசிக் கேள்வி," என்றார் படிவக்காரம்மா. "சீட்டு குடுத்து ஏழு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. ஏன்? ஒண்ணு, தெரியல. ரெண்டு, காசு இல்ல. மூணு, பயம். நாலு, வேற காரணம்."

"நாலு," என்றாள் மனைவி. குரல் உயர்ந்தது. "வேற காரணம். இதோ உக்காந்திருக்காரே, இவருதான் காரணம். ஜோடி ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட முடியாது. இவரு முந்திக்கிட்டாரு. அப்புறமும் இவரே லீவு போட்டாரு. என் வீட்டுக்காரர் இவருக்காக வண்டியில ஓடியே வாயத் தொலைச்சாரு. எழுதிக்குங்க."

டிரைவர் நிமிர்ந்து கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் துண்டைச் சரிசெய்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல டிரைவருக்கு எவ்வளவு நேரமாகும்? அவருக்குத்தான் முழு வாய் இருக்கிறதே. ஆனால் அவர் சொல்லவில்லை. "இருக்கட்டும்மா, அப்படியே எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து கதவைப் பார்த்து நடந்தார்.

கண்டக்டருக்கு வந்த ஆத்திரம் இன்னதென்று சொல்ல முடியாது. கன்னம் இருக்கிறது, பல் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. இப்போது பெருந்தன்மையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். எல்லாமே இவனுக்குத்தானா? அதையாவது இவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

அவர் பெஞ்சில் ஒரு தட்டு தட்டினார்.

டிரைவர் நின்றார். வாசற்படிக்குத் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். பதினெட்டு வருஷப் பழக்கம், கேட்காமலே நின்றுவிட்டது.

கண்டக்டர் நோட்டை எடுத்து எழுதி மனைவியிடம் நீட்டினார். அவளும் பழக்கப்படி, என்ன எழுதியிருக்கிறது என்று மனதில் ஏறுவதற்கு முன்னாலேயே உரக்கப் படித்தாள்.

"அவன் முந்தல. நான்தான் அவன அனுப்பினேன். அவன் என்னைப் போகச் சொன்னான். நான் பயந்தேன். உன்கிட்ட சொன்னது பொய்."

படித்து முடித்த பிறகுதான் அவளுக்குக் கேட்டது. நோட்டை இன்னொரு முறை, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தாள்.

"அப்போ மூணுன்னு போட்டுக்கவா? பயம்?" என்று படிவக்காரம்மா மெதுவாகக் கேட்டார். கண்டக்டர் தலையசைத்தார்.

"நாலு மாசம்," என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். "இவரு சம்சாரம் பால் கொண்டாந்தப்ப வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனேன். பஸ்ஸுல தெனமும் ஒரு வார்த்தையாவது குத்தாம எறங்குனதில்ல. எல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

கண்டக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சங்கடத்தைக் கலைக்க நினைத்தோ என்னவோ, படிவக்காரம்மா டிரைவரின் தாளைத் திருப்பினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. சீட்டு குடுத்த ஒடனே வந்திருக்கீங்க. ஏன் வந்தீங்க?"

"நான் எங்கம்மா வந்தேன்?" என்றார் டிரைவர். "எனக்கும் பயம்தான். அந்தச் சீட்டச் சட்டைப் பையோட துவைக்கப் போட்டவன் நான். இவன்தான் தேடி எடுத்துக் காயவச்சு, லீவு லெட்டரும் எழுதி, கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினான். இவன் தள்ளலன்னா இன்னைக்கு அந்தக் குழாய் எனக்கும் இருக்கும்."

கண்டக்டர் அவரையே பார்த்தார். அன்பினால் அனுப்பவில்லை. ஆழம் பார்க்க ஒரு குச்சியை விடுகிற மாதிரிதான் அனுப்பினார். அது அவருக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்த ஆள் அதை நல்ல வார்த்தையாக்கி, திருத்தமாக, ஒரு எழுத்துகூடக் குழறாமல் சொல்கிறான். கண்டக்டருக்குக் கண்ணீர் வந்தது. அதில் நன்றி எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று அவருடைய மனக்கணக்குக்கும் பிடிபடவில்லை.

"நண்பர் சொன்னதால்," என்று படிவக்காரம்மா எழுதிக்கொண்டார்.

மதிய வண்டியில் மனைவி அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நேராகப் போய் டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்தாள். "அண்ணே, அண்ணிகிட்ட சொல்லுங்க. சாயந்திரம் நானே வீட்டுக்கு வர்றேன்," என்றாள். "வாம்மா," என்றார் டிரைவர். கண்டக்டருக்குத் தாகமாக இருந்தது. குழாயில் ஊற்றும் தண்ணீர் பாட்டில் அவளுடைய பையில் இருந்தது. கேட்க வாயும் இல்லை, முகமும் இல்லை. சற்று நேரம் கழித்து அவளே எழுந்து வந்து, குழாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பித் தன் இடத்துக்கே போய்விட்டாள்.

வண்டி நிறைந்தது. டிரைவர் கைகளைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். வாய் திறக்கத் தொடங்கியது. சட்டென்று ஞாபகம் வந்து கண்ணாடியைப் பார்த்தார், உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் அந்தக் கொட்டாவி திணறியது.

கண்டக்டர் கண்ணாடியிலேயே பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். கையை எடு என்று சைகை காட்டினார். டிரைவர் தயங்கி எடுத்தார். கடைவாய்ப் பல்லிலிருந்து உள்நாக்கு வரை எல்லாம் தெரிந்தது. இடது கன்னத்தின் உள்ளே அந்தச் சின்னத் தழும்பும் ஒரு கணம் தெரிந்தது. கண்டக்டருக்கு வயிறு எப்போதும் போலவே எரிந்தது. ஆனால் இன்று, அந்தப் புகையிலைப் பாக்கெட்டில் பாதி மாதிரி அந்தக் கொட்டாவியிலும் பாதி தனக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது. அது முடியும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார்.

பிறகு வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். வண்டி நகர்ந்தது.

பின்படியில் இன்னும் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த குயில், வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கையில் பிடித்தபடி, "யாருங்க தட்டுனது?" என்று கேட்டான்.